முதலாளிக்கு ஊசி போட்டது யார்?

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே சம்பாதிக்கிற பிரேக் அக்காவுக்கு இரண்டு விஷயங்கள் வராது. ஒன்று, மெதுவாகப் பேசுவது. இன்னொன்று, சந்தேகம். காரில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்ள வந்தவர் சொதப்பினால் மிதிப்பதற்கு. காலால் மிதித்தால் போதும்தான். அக்கா வாயாலும் மிதிப்பாள். "பிரேக்!" என்று அவள் போடுகிற சத்தத்தில் எதிர்ப்பக்கம் போகிற சைக்கிள்காரர்கள்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவளோடு இருப்பது அண்ணி. அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாத்தனாரும் அண்ணியும் ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரே சமையலறை என்று மாடி வீட்டில் தங்கிவிட்டார்கள். அண்ணிக்குச் சலவைக் கடையில் வேலை. வருகிற துணிக்கெல்லாம் நம்பர் துண்டு வைத்து ஊக்குக் குத்துவாள். பட்டுத் துணியில் அவள் குத்தி எடுத்தால் குத்திய இடம் தெரியாது. அப்படிக் கை.

மூன்றாவது ஆள் முதலாளி. பழுப்பு நிறப் பூனை, வயது பதின்மூன்று. தான் ஒரு வேலையும் செய்யாமல் மற்ற எல்லாரையும் வேலை வாங்குகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

இந்த வீட்டில் முதலாளிக்கு ஒரு பதவியும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எட்டு வருடத்துக்கு முன்னால் அண்ணிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. வாத்தியார் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன்? முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் ரிவர்ஸ். பின் இருக்கையில் வேறு இரண்டு மாணவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அண்ணி கண்ணாடி சரியில்லை என்றாள், சீட் பள்ளம் என்றாள், கடைசியில் தெருவே வளைந்திருக்கிறது என்றாள். அக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! எங்க வீட்டுப் பூனைக்குச் சொல்லிக்குடுத்திருந்தா இந்நேரம் ரிவர்ஸ் எடுத்து வீட்டு வாசல்ல நிறுத்தியிருக்கும்!"

பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுதான் வினை. அண்ணி நடுத்தெருவில் காரை நிறுத்தினாள், இறங்கினாள், நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். அக்கா மாலையில் வந்தபோது அண்ணி முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவ்வளவு கெட்டிக்காரனாடா நீ? அப்போ இனிமே நான் உங்கிட்டயே பேசிக்கிறேன்" என்றாள்.

சொன்னதைச் செய்துவிட்டாள். அக்கா மட்டும் சளைத்தவளா? மறுநாளிலிருந்து அவளும் பூனையிடம்தான்.

"முதலாளி, கேஸ் தீரப் போகுதுன்னு சொல்லிடு."

"தெரியும்னு சொல்லு முதலாளி. எனக்கும் கண்ணு இருக்கு."

இப்படி எட்டு வருடம். ஜாடைப் பேச்சு உலகத்தில் இல்லாததல்ல. ஆனால் அதற்கென்று ஒரு நிரந்தர அலுவலர் இருந்தது இந்த வீட்டில்தான். அவர் இல்லாத நேரத்தில் தகவல் தொடர்பு துண்டிக்கப்படும். ஒருமுறை அக்கா குளியலறைக் குழாயைத் திறந்து போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. அண்ணி பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? மாட்டாள். கட்டிலடியில் குனிந்து, தூங்கிக்கொண்டிருந்த முதலாளியைக் காலைப் பிடித்து இழுத்து, கூடத்துக்குத் தூக்கி வந்து, அவன் முகத்தைப் பார்த்து, "குழாய் திறந்திருக்கு" என்றாள். அதற்குள் மூன்று ஜோடிச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

இதில் லாபம் அடைந்தவன் முதலாளிதான். காலையில் அண்ணி சோறு வைப்பாள். அவள் வைத்தது அக்காவுக்குத் தெரியாது, அவளும் வைப்பாள். 'இப்பதான் சாப்பிட்டேன்' என்று சொல்கிற ஜாதியா பூனை? இரண்டு காலைச் சாப்பாடும் இரண்டு ராச் சாப்பாடுமாக முதலாளி உருண்டு திரண்டு, ஜன்னல் திண்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் படுத்துக் கிடந்தான்.

போன வருடம் திடீரென்று இளைக்க ஆரம்பித்தான். தின்கிறான், இளைக்கிறான். தண்ணீர் கிண்ணத்தை நக்கித் தீர்த்துவிட்டுக் குளியலறை வாளிக்குப் போகிறான். அவன் மூத்திரம் போகிற மண் தட்டு காலையில் வைத்தால் மதியத்துக்குள் குளமாகிறது. தாவி ஏறுகிற திண்டுக்கு ஏற முடியாமல், பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்துக் கிழவன் மாதிரி நடந்தான். "யாரோ உன்னைப் பட்டினி போடறாங்க முதலாளி" என்றாள் அக்கா. "யாரோ உனக்குக் கண்டதையும் போடறாங்கடா" என்றாள் அண்ணி.

கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றாள். இரண்டு பேரும் ஒருசேர வாயைப் பிளந்தார்கள். பூனைக்குமா?

"பூனைக்கும்தான். ஒருநாளைக்கு ரெண்டு வேளை இன்சுலின் ஊசி. பன்னிரண்டு மணி நேர இடைவெளி. முதல்ல சாப்பிடணும், அப்புறம்தான் ஊசி. மாவுப் பொருள் இல்லாத சாப்பாடு. ஒழுங்கா பார்த்துக்கிட்டா நல்லா இருப்பான். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. போட்டோமா போடலையான்னு சந்தேகம் வந்தா, போடாதீங்க. ஒரு வேளை தவறினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை போட்டாத்தான் ஆபத்து. சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். டாக்டர் ஒரு நோட்டு போட்டு எழுதி வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து இரண்டு நோட்டு போட்டார்கள். அவளவள் நோட்டு அவளவள் அறையில்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது பழைய கேள்வி. ஊசி போடுவது யார் என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி என்று அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. லாரிக்கு முன்னால் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். ஒருநாளும் கை நடுங்கியதில்லை. அந்தத் துளியூண்டு ஊசியைப் பிடித்தால் நடுங்கியது. "மெதுவா, மெதுவா, கிளட்சை விடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கழுத்துத் தோலைத் தூக்கி, கண்ணை மூடிக் குத்தினால், மருந்து பாதி ரோமத்தில் வழியும். அண்ணியோ, முதலாளி கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்குவதற்குள் போட்டு முடித்துவிடுவாள். துணிக்கு ஊக்குக் குத்துகிற மாதிரி. அக்காவுக்கு வயிறெரிந்தது. சொந்தப் பூனை வலிக்காமல் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்து வயிறெரிகிற பிறவியும் உண்டா என்றால், உண்டு.

எப்படியோ ஓர் ஏற்பாடு, முதலாளி மூலமாகவே, உருவானது. அக்காவுக்குக் காலை ஆறு மணிக்கே வகுப்பு இருப்பதால் காலை ஏழு மணி ஊசி அண்ணியுடையது. சாயந்திரம் ஏழு மணி ஊசி அக்காவுடையது. நான்கு மாதத்தில் அக்காவின் நடுக்கமும் குறைந்தது. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். முதலாளி மறுபடி திண்டில் ஏறினான். பன்னிரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அவனை அக்கறையாக யாராவது தொட வேண்டியிருந்ததால், பழைய மிடுக்கும் திரும்பியது.

அன்றைக்குக் காலை நல்ல மழை. ஆறரை மணி வகுப்புக்கு வர வேண்டிய பல் டாக்டர் போன் பண்ணினார். எத்தனையோ பேர் வாயில் துளை போட்டவருக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வியர்த்து ஊற்றும். "மழை அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். "மழை விழறது கார் மேல, உங்க மேல இல்ல" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அதனால் ஏழு மணிக்கு, என்றைக்கும் இல்லாமல், அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலில் அண்ணியின் செருப்பு இல்லை, குடை இல்லை. சமையலறை விளக்கு அணைந்திருந்தது. முதலாளி தன் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து ஒரு பருக்கைகூடப் பார்க்காதவன் போல 'ங்ஞாவ்' என்றான்.

அக்காவுக்கு மின்னல் மாதிரி ஒன்று தோன்றியது. அண்ணி மறந்துவிட்டாள்! ஊக்குக் குத்துகிற மகாராணி, கை நடுங்காத கெட்டிக்காரி, ஊசி போடாமலே கடைக்குப் போய்விட்டாள்! அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பொய் சொல்வானேன், குதூகலம் வந்தது. தலைகால் புரியவில்லை. எட்டு வருடம் தவமிருந்தாலும் இப்படி ஒரு தப்பு அண்ணியிடம் கிடைக்குமா? டாக்டர் சொன்ன 'சந்தேகம் வந்தா போடாதீங்க' நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. ஆனால் அவளுக்குத்தான் சந்தேகமே வரவில்லையே. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம். அக்கா இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே இருட்டாக்கினாள்.

சாப்பாடு வைத்தாள். முதலாளி அவசரமாகத் தின்றான். ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, இரண்டு யூனிட் இழுத்து, போட்டாள். கை நடுங்கவே இல்லை. அவள் போட்டதிலேயே அருமையான ஊசி அதுதான்.

கால் மணி நேரத்தில் படியில் சத்தம். அண்ணி நனைந்த குடையும் கையில் ரொட்டியுமாக உள்ளே வந்தாள். அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, முதலாளியின் தாடையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"பாவம்டா நீ முதலாளி. உன்னை மறந்துட்டு ரொட்டி வாங்கப் போனவங்க யாருன்னு எனக்குத் தெரியும். நல்ல வேளை, மழை பெஞ்சுது. நான் வந்தேன். இல்லேன்னா இன்னைக்கு உனக்கு ஊசி யாரு போட்டிருப்பா?"

ரொட்டி தரையில் விழுந்தது.

"ஏய்" என்றாள் அண்ணி. பூனையைப் பார்த்து அல்ல. நேராக அக்காவின் கண்ணைப் பார்த்து. "நான் போட்டுட்டுத்தானேடி போனேன்!"

எட்டு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் கேட்ட முதல் பேச்சு இதுவாக இருக்க வேண்டுமா? அக்கா நீட்டிய காலை மடக்கி எழுந்தாள். "அண்ணி..." என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

"எத்தனை யூனிட்?"

"ரெண்டு. நீங்க?"

"ரெண்டு. எத்தனை மணிக்கு?"

"ஏழு பத்து. நீங்க எப்ப அண்ணி?"

"ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. ரொட்டிக் கடையில கூட்டம் வர்றதுக்குள்ள போகலாம்னு கொஞ்சம் முன்னாடியே போட்டேன். ஐயோ, என்னத்தடி பண்ணி வச்சே!"

டாக்டரைப் போனில் பிடித்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் டாக்டருக்கு முதலில் எட்டு யூனிட் என்று கேட்டுவிட்டது. கணக்கு நான்குக்கு வந்ததும் அவள் மூச்சு விட்டாள். "பயப்படாதீங்க. தின்னத் தின்னக் குடுங்க. அரைமணிக்கொரு தடவை ரத்தம் பாருங்க. ஒன்பது மணிக்கு நான் கிளினிக்ல இருப்பேன், எப்படி இருந்தாலும் கொண்டு வந்துடுங்க. தள்ளாடினா, கண்ணு சொருகினா, தேனை ஈறுல தடவுங்க."

அண்ணி கடைக்கு லீவு சொன்னாள். முதலாளிக்கு வாழ்க்கையின் பொற்காலம் தொடங்கியது. மீன் வந்தது, முட்டை வந்தது, கோழி வந்தது. என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தின்றான். ஏழரைக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. எட்டுக்கு நூற்று அறுபது. எட்டரைக்கு நூற்றுப் பத்து.

"இறங்குதே அண்ணி."

"இறங்கத்தான் செய்யும். நாலு யூனிட் போட்டா ஏறுமா?"

"திட்டறதா இருந்தா திட்டிடுங்க."

"அதுக்குத்தான் வாய் திறந்திருக்கேன், இரு."

திட்டினாள். துடைக்காத அடுப்பிலிருந்து, மூடாத குழாய், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு சாய்ந்த சோபா வரைக்கும் எட்டு வருடத்துப் பாக்கியையும் வரிசையாகத் திட்டினாள். நடுநடுவே "காதைப் பிடி, நான் குத்தறேன்" என்றாள். அக்கா காதைப் பிடித்தாள். திட்டு வாங்குவது இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முதலாளி போய்விட்டால்? அவன் சாவுக்குத் தான்தான் காரணம் என்பது ஒரு பக்கம். அதற்கப்புறம் இந்த வீட்டில் யார் யாரிடம் பேசுவது? அண்ணி மறுபடி வாயை மூடிக்கொண்டால், இந்த முறை நடுவில் ஒரு பூனைகூட இருக்காது.

எட்டு ஐம்பதுக்கு முதலாளி மீனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுந்தான், இரண்டடி வைத்தான், குடித்தவன் மாதிரி சாய்ந்தான். கருவி அறுபத்தொன்று காட்டியது. அண்ணி தேன் பாட்டிலை எடுத்தாள், அக்கா சாவியை எடுத்தாள்.

பயிற்சிக் காரின் பின் இருக்கை முழுக்க, வண்டி வளைக்கக் கற்றுக்கொடுக்கத் தெருவில் வைக்கிற கூம்புகள் நனைந்தபடி அடுக்கியிருந்தன. அண்ணி முன்னால், அக்கா வழக்கமாக உட்காரும் இடத்தில், முதலாளியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினாள். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவள் எழுபதில் பறந்தாள். மஞ்சள் விளக்கு விழுந்தது. தாண்டிவிடலாம் என்று அழுத்தினாள்.

"பிரேக்!"

கத்தியது அண்ணி. காலடியில் ஏதோ தட்டுப்பட, அதையும் சேர்த்து மிதித்துவிட்டாள். கார் கிறீச்சென்று கோட்டில் நின்றது. குறுக்கே ஒரு பெரிய தண்ணீர் லாரி, மழையைக் கிழித்துக்கொண்டு போனது.

"மஞ்ச விளக்கு கண்ணுக்குத் தெரியலையா? லைசென்ஸ் யாருடி குடுத்தது உனக்கு? மூணு பேரும் ஒண்ணாப் போய்ச் சேரவா?"

அக்கா அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் கால் பிரேக்கில் இருந்தது, நெற்றியில் தேன் இருந்தது. சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்கள். பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். "எல் போர்டு கண்ணுக்குத் தெரியலையா? கத்துக்கறோம்!" என்று அண்ணி ஜன்னலைத் திறந்து கத்தினாள். மடியில் முதலாளி உதட்டை நக்கினான். தேன் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

டாக்டர் அவனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், மதியம் வரை பார்க்க வேண்டும் என்றாள். இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துலதான் போட்டேன்."

அண்ணி விரலில் ஒட்டியிருந்த தேனைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

"நீ எப்பவாவது ஒரு பெரிய தப்புப் பண்ணுவேன்னு எட்டு வருஷமா நானும்தான் காத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குப் பண்ணினே. சந்தோஷம் வரலடி" என்றாள்.

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அதையும் மெதுவாக அழத் தெரியவில்லை. உள்ளே ஒரு நாய் பதில் குரல் கொடுத்தது.

பன்னிரண்டரைக்கு டாக்டர் புறங்கையில் புதிதாக இரண்டு கீறலோடு வெளியே வந்தாள். "நல்லாத் தெளிஞ்சுட்டான்" என்றாள் கையைக் காட்டி. அன்று சாயந்திர ஊசி வேண்டாம், மறுநாள் காலை ரத்தம் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இனிமே ஒருத்தர் போட்டா, இன்னொருத்தர்கிட்ட உடனே சொல்லிடணும். வாயால. பூனைகிட்ட இல்ல."

மறுநாள் மழை விட்டிருந்தது. பல் டாக்டர் வியர்த்துக்கொண்டே பெரிய ரவுண்டானாவுக்குள் நுழைந்தபோது சரியாக ஏழு மணி. அக்காவின் போன் அடித்தது. வகுப்பு நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்தான். எடுத்தாள்.

"போட்டாச்சு. ரத்தம் பார்த்தேன், டாக்டர்கிட்டயும் கேட்டேன். ஒரு யூனிட்தான். கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டான்."

"சரி அண்ணி."

சொல்ல வேண்டியது முடிந்தது. இரண்டு பேரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, எந்தப் பக்கம் திரும்பணும்?" என்றார் பல் டாக்டர். அக்கா கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். சுற்று என்று அர்த்தம். அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"நீ சாப்பிட்டியா?" என்றாள் அண்ணி.

எட்டு வருடமாக அந்த வீட்டில் இந்தக் கேள்வியைப் பூனையிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அதுவும் இரண்டிரண்டு தடவை. அக்காவுக்கு முன்கண்ணாடி மங்கியது. மழைதான் விட்டுவிட்டதே என்று ஒரு நொடி குழம்பினாள்.

"அக்கா, மூணாவது தடவை சுத்தறேன். தலை சுத்துது. எந்தப் பக்கம்?"

"இல்ல அண்ணி, சாப்பிடல. பசிக்குது" என்று போனில் சொல்லிவிட்டு, பல் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "இடது பக்கம் எடுங்க. எங்க வீட்டுக்குப் போங்க, சீக்கிரம்."